பழைய அரசு லேப்டாப் ஸ்லோ ஆகிடுச்சா? ஓஎஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைச் செக் பண்ணுங்க!

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வாங்கிய லேப்டாப்கள் இன்றும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை மாதிரியான இடங்களில் லேப்டாப் மக்கர் பண்ணினால், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி கீழே இறங்கித்தான் பெரிய சர்வீஸ் கடைக்குப் போக வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் முடிந்துவிட்டது. அதனால் 'வேற ஓஎஸ் போட்டுடலாம்' என்று பலரும் யோசிக்கிறார்கள். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் டிஸ்க் பரிசோதனை, அடுத்து பேக்கப், கடைசியில்தான் புது ஓஎஸ். இந்த வரிசை மாறினால் போட்டோ, ஸ்கேன் செய்த சான்றிதழ் எல்லாமே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

டிஸ்க் நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்?

ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி இரண்டுமே தங்கள் உடல்நிலையைத் தாங்களே குறித்து வைத்துக்கொள்ளும். இதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள்தான் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. திறந்ததும் நீல நிறத்தில் 'குட்', மஞ்சளில் 'காஷன்', சிவப்பில் 'பேட்' என்று காட்டும்.

ஹார்டு டிஸ்க் என்றால் கீழே உள்ள பட்டியலில் மூன்று வரிகளைப் பாருங்கள்.

* 05: கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள்
* சி5: படிக்கத் தடுமாறும் பகுதிகள்
* சி6: சரிசெய்ய முடியாத பகுதிகள்

இந்த மூன்றும் பூஜ்யமாக இருப்பது நல்லது. எண் இருந்தால், அதுவும் வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால், டிஸ்க்கை மாற்றத் தயாராக வேண்டும். சி7 என்ற வரியில் மட்டும் எண் ஏறினால் டிஸ்க்கை விட கேபிள் அல்லது இணைப்பில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

விண்டோஸே திறக்கவில்லையா? உபுண்டு பூட்டபிள் பென்டிரைவில் லேப்டாப்பை ஆன் செய்து, அதிலுள்ள 'டிஸ்க்ஸ்' ஆப்பில் இதே விவரத்தைப் பார்க்கலாம்.

'குட்' வந்தா நிம்மதியா இருக்கலாமா?

முழுசா நம்ப முடியாது. கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அதாவது மஞ்சள், சிவப்பு வந்தால் நம்பலாம்; நீலம் வந்தாலும் பேக்கப் வேண்டும்.

டிஸ்க் மோசம்னு வந்தா என்ன பண்ணணும்?

ஃபார்மேட் செய்யாதீர்கள், அதே டிஸ்க்கில் புது ஓஎஸ் போடாதீர்கள். 'செக் டிஸ்க்' ஓடவிடுவதும் அப்போதைக்கு வேண்டாம். பலவீனமான டிஸ்க்குக்கு அது கூடுதல் வேலை. முதலில் முக்கியமான ஃபைல்களை வேறொரு டிரைவுக்கு எடுங்கள். 10, 12-ம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் திரும்ப எடுக்க முடியும். குடும்ப போட்டோக்களுக்கு அந்த வசதி இல்லை, அதனால் அவைதான் முதலில். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிட்டு டேட்டா மீட்பவர்களிடம் கொண்டுபோவதே நல்லது.

பூட்டபிள் பென்டிரைவ் எப்படி ரெடி பண்றது?

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் போதும். ஆனால் அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், மறக்க வேண்டாம்.

* ரூஃபஸ்: விண்டோஸில் ஓடும் சின்ன மென்பொருள். பென்டிரைவையும் ஐஎஸ்ஓ ஃபைலையும் தேர்வு செய்து 'ஸ்டார்ட்' கொடுத்தால் போதும்.
* வென்டாய்: ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிட்டால், ஐஎஸ்ஓ ஃபைல்களை காப்பி செய்து போட்டாலே வேலை செய்யும். ஒரே பென்டிரைவில் பல ஓஎஸ் வைத்துக்கொள்ளலாம்.

ரூஃபஸில் பலர் தடுமாறும் இடம், எம்பிஆரா ஜிபிடியா என்ற கேள்வி. விண்டோஸின் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் பயாஸ் மோட் 'லெகசி' என்றிருந்தால் எம்பிஆர். 'யூஇஎஃப்ஐ' என்றிருந்தால் ஜிபிடி.

பென்டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்யும்போது பூட் மெனு கீயை அழுத்த வேண்டும். லெனோவோ, டெல் என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9. லினக்ஸ் திறந்ததும் 'ட்ரை' என்பதைத் தேர்வு செய்யுங்கள். டிஸ்க்கில் எதையும் மாற்றாமல் ஃபைல்களை வெளியே எடுக்கலாம். 'இன்ஸ்டால்' கொடுப்பது பேக்கப் முடிந்த பிறகுதான்.

எந்த ஓஎஸ் செட் ஆகும்?

டிபிஎம் 2.0 இல்லாத பழைய லேப்டாப்கள் விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வமாகத் தகுதி பெறாது. அதற்கு லினக்ஸ் நல்ல மாற்று. சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸில் தமிழ் வசதி உண்டு. 2 ஜிபி ரேம் மட்டுமே இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை முதலில் 'ட்ரை' முறையில் ஓட்டிப் பாருங்கள்.

மலை உயரம் டிஸ்க்கைப் பாதிக்குமா?

ஹார்டு டிஸ்க்கின் தலைப்பகுதி மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதந்துதான் தகவலைப் படிக்கிறது. பொதுவாக சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கும்படி இவை தயாரிக்கப்படுகின்றன. கொல்லிமலை அதைவிட ரொம்பக் குறைவு, பயம் வேண்டாம். கவனிக்க வேண்டியது வழியில் வரும் குலுக்கல்தான். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் அதிர்ச்சியைத் தாங்கும் திறன், நின்றிருக்கும் டிஸ்க்கை விடக் குறைவு. எனவே பஸ்ஸிலோ பைக்கிலோ கீழே கொண்டுபோகும்போது லேப்டாப்பை மூடி மட்டும் வைக்காமல், முழுசா ஷட்டவுன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.