மின்சாரமும் மூச்சும்

எங்கள் மண்ணரையில் ஒருவருக்குக் ‘கரண்ட் வைத்தார்கள்’ என்றால், அவர் கதை அத்துடன் முடிந்தது என்று பொருள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்துக்கொண்டிருந்த என் பெரியம்மா மகள் சில ஆண்டுகளுக்கு முன் பேச்சையும் உணவையும் துறந்தார். இரண்டு மருந்துகள் பலனளிக்காத பின் மருத்துவர் மின்னதிர்வுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தார். “வேண்டாமுங்க, தெனம் நாலு நடை நடந்தாச் செரியாப் போயிருமுங்க” என்றார் பெரியப்பா. எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. அந்த அச்சத்தின் வரலாற்றை அதன் பிறகே தேடிப் படித்தேன்.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வலிப்பும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று பகை என்று நம்பிய ஹங்கேரிய மருத்துவர் மெதூனா, 1934இல் கற்பூரத்தை ஊசியில் ஏற்றி நோயாளிகளுக்கு வலிப்பு வரவழைத்தார். அடுத்து வந்த கார்டியசால் மருந்தோ, வலிப்பு தொடங்கும் முன் மரண பயத்தைத் தந்தது. 1938இல் ரோம் நகரில் செர்லெத்தியும் பினியும் அதற்குப் பதிலாக மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். மெதூனாவின் கொள்கை பிழையானது. ஆனால் வலிப்பு கடும் மனச்சோர்வை நீக்கியது உண்மை. பிழையான வழியில் சென்று சரியான ஊரை அடைந்த கதை இது.

மயக்க மருந்தின்றி அளித்த நாட்களில் அந்த வலிப்பு முதுகெலும்பையே முறிக்கக்கூடியதாக இருந்தது. தசைதளர்த்தி மருந்துகள் 1950களில் பரவலான பிறகும், இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் பழைய முறையே பல்லாண்டு நீடித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் அதைத் தடைசெய்தது. நம் திரைப்படங்கள் மனத்தில் பதித்தது அந்தப் பழைய அறையைத்தான்.

பெரியப்பா சொன்ன நடைக்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய 156 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. பதினாறு வாரம் முறையாகச் செய்த உடற்பயிற்சி மாத்திரைக்கு ஈடாக நின்றது. (ஒன்றரை ஷிப்ட் நின்றபடி வேலை செய்வதும் உடற்பயிற்சிதானே என்று ஒரு மேலாளர் என்னிடம் வாதிட்டார். பழைய மனநோய் விடுதிகளும் நெசவைச் சிகிச்சையாகவே தந்தன. நெய்தே களைத்தவருக்கு அங்கே என்ன தந்திருப்பார்களோ!)

மூச்சையும் மின்சாரத்தையும் அருகருகே நிறுத்திப் பார்த்தவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் ஜானகிராமையா, கங்காதர் முதலியோர், அதுவரை சிகிச்சை பெறாத கடும் மனச்சோர்வு நோயாளிகள் 45 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மின்னதிர்வு, ஒன்றுக்கு இமிப்ரமின் மாத்திரை, ஒன்றுக்குச் சுதர்சன் கிரியா மூச்சுப் பயிற்சி. முடிவுகள் 2000இல் வெளியாயின. நான்கு வாரத்தில் நோய் தணிந்தோர் முறையே 93, 73, 67 விழுக்காடு.

யோகத்தை விரும்புவோர் பின்னிரண்டு எண்களை மட்டும் மேற்கோள் காட்டி, ‘மூச்சு மருந்துக்கு நிகர்’ என்கிறார்கள். முதல் எண்ணை விட்டுவிடுவது நேர்மையன்று. குழுவுக்குப் பதினைந்து பேர்தான் என்பதையும் மறக்கலாகாது. விழுக்காட்டைத் தலைக்கணக்காக்கினால் 14, 11, 10. மருந்துக்கு மசியாத என் அக்காவைப் போன்றவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

வலிப்பே இல்லாமல் காந்தச் சுருளால் மூளையைத் தூண்டும் கருவியை 1985இல் ஷெஃபீல்டில் பார்க்கர் குழுவினர் உருவாக்கினர். 2008இல் அமெரிக்கா அதை மனச்சோர்வுக்கு அனுமதித்தது. ஆனால் உணவை மறுத்துக் கிடப்பவரிடம் வாரக்கணக்கில் காத்திருக்க நேரம் இருப்பதில்லை. அதைத்தான் மருத்துவர் பெரியப்பாவுக்கு இரண்டு மாலைகள் அமர்ந்து விளக்கினார்.

மயக்க மருந்துடன் எட்டு முறை சிகிச்சை நடந்தது. ஐந்தாம் முறைக்குப் பின் அக்கா தானாகவே காப்பி கேட்டார். அந்த மாதம் நடந்த தங்கை மகளின் சீர் அவர் நினைவில் இல்லை, படத்தைக் காட்டினால், “நானா இது, இந்தச் சேலை எப்ப எடுத்தது?” என்கிறார். இப்போது மாத்திரையும் உண்டு, விடியலில் குளக்கரை நடையும் உண்டு. பெரியப்பாதான் துணைக்குப் போகிறார்.