ஏழை நோயாளியும் நீதிமன்றமும்

அனுராதபுரத்திலிருந்து அரசு செலுத்திய எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டில் மணியொன்றைக் கட்டி, நீதி வேண்டி வருவோர் எவரும் இழுத்து அசைக்கத்தக்கதாக நீண்ட கயிற்றினை அதிற் பிணைத்திருந்தான் என மகாவமிசங் கூறும். அக்கயிற்றை இழுப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. பிறிதொருவர் துணையும் வேண்டியதில்லை. இக்கால நீதிமன்றத்தின் வாயிலோ அத்துணை எளிதன்று. முத்திரைச் செலவும் நியாயவாதியின் ஊதியமும் இன்றி அங்கே வழக்காட வல்லார் மிகச் சிலர். அவ்வழக்கு மருத்துவர் ஒருவரின் கவலையீனம் பற்றியதாயின் இடர் இருமடங்காகும். நோயாளி தமக்கு நேர்ந்த துன்பத்தை அறிவாரேயன்றி, அது தவறினால் விளைந்ததோ நோயினால் விளைந்ததோ என்பதை அறியார். இத்தகையோர்க்குக் கைம்மாறின்றி உதவும் முறை தோன்றி வளர்ந்த வரலாற்றினை, எமது வழக்கு நடைமுறைக்குப் பெரிதும் மூலமாயமைந்த இங்கிலாந்தில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவர்மீது வழக்குத் தொடுத்தல் ஆங்கிலச் சட்டத்திற் புதிய வழக்கமன்று. 1374 ஆம் ஆண்டளவில், சுவான்லண்டு என்னும் சத்திரவைத்தியர் கையொன்றைக் குணப்படுத்துவதாக ஏற்றுக்கொண்டு, கவலையீனத்தால் அதனைக் கெடுத்துவிட்டார் என அக்னெசு என்னும் பெண்ணும் அவள் கணவரும் முறையிட்டனர். வைத்தியர் தம்மாலியன்றவாறு ஊக்கத்துடன் பணிபுரிந்திருப்பின், நோய் தீராமை பற்றி அவரைப் பொறுப்பாளியாக்கல் தகாது என்பது நீதியரசர் கவெண்டிசு வெளியிட்ட கருத்தாகும். இக்கொள்கை இன்றும் நிலைத்துளது. ஆயின் அவ்வழக்கோ வழக்கேட்டின் வடிவிற் காணப்பட்ட குறையொன்றினாலே தள்ளுண்டது. நியாயம் உடையாரும் அதனை எடுத்துரைக்கும் முறை தெரியாராயின் தோற்பர் என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது.

அம்முறை தெரிந்தோரை ஏழைகளுக்குத் துணையாக்க முயன்றது 1495 ஆம் ஆண்டுச் சட்டமாகும். ஏழாம் ஹென்றி மன்னன் காலத்தில் எழுந்த இச்சட்டம், வறியோர்க்கு வழக்கேடுகளைக் கட்டணமின்றி எழுதிக்கொடுத்தல் வேண்டுமெனவும், நீதிபதிகள் நியமிக்கும் நியாயவாதிகள் ஊதியம் பெறாது அவர்க்காக வாதாடுதல் வேண்டுமெனவும் விதித்தது. எனினும் இவ்வறத்தின் கையிற் சவுக்கும் இருந்தது. எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டமொன்று, தோல்வியுற்ற வறியோர் எதிராளியின் செலவைக் கொடுத்தலினின்று விலக்களித்து, அதற்கீடாக வேறு தண்டனை பெறலாமென்றது. செலவைக் கொடுத்தல், சவுக்கடிபடுதல் என்னும் இரண்டிலொன்றைத் தெரியுமாறு முன்னாளில் அவர்க்குக் கூறப்பட்டதென்றும், தங்காலத்தில் அவ்வழக்கம் ஒழிந்ததென்றும் 18 ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதியுள்ளார்.

அந்நூற்றாண்டிலேயே, 1767 இல், சிலேற்றர் என்பார் தொடுத்த வழக்கு முடிவெய்தியது. அவருடைய முறிந்த கால் பொருந்திவந்த நிலையில், பேக்கர் என்னும் பெயர்பெற்ற சத்திரவைத்தியரும் அவருடன் பணிபுரிந்த மருந்தாளரும் அதனை மீண்டும் முறித்து, பற்களையுடைய இரும்புக் கருவியொன்றைப் பூட்டி நீட்ட முற்பட்டனர். நடுவர்குழு 500 பவுண் நட்டஈடு விதித்தது. அத்தீர்ப்புக்கு ஆதாரமாயிருந்தது யாது? பொருந்திய எலும்பைப் பிரித்தல் முறையன்று எனப் பிற சத்திரவைத்தியர்கள் மன்றிலேறி உரைத்த சாட்சியமே. நியாயவாதியை நீதிபதி நியமிக்கலாம். ஆயின் தம் தொழிலைச் சேர்ந்த ஒருவருக்கு எதிராக உண்மையுரைக்க முன்வரும் மருத்துவரை எச்சட்டம் நியமிக்கும்? இவ்வினாவே பின்வந்த வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்கின்றது.

20 ஆம் நூற்றாண்டில் ஏழைகளின் வழக்குக்கென 1914 இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்கீழும் சட்டத்தரணிகள் ஊதியமின்றியே உழைத்தனர். சிலரின் ஈகையையே நம்பிய அம்முறை இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பெருகிய வழக்குகளைத் தாங்கவியலாது தளர்ந்தது. ரஷ்கிளிவ் பிரபுவின் தலைமையிலமைந்த குழு 1945 இல் அளித்த அறிக்கையைத் தழுவி, 1949 இல் சட்ட உதவிச் சட்டம் நிறைவேறியது. முந்திய ஆண்டிலே இலவச வைத்திய சேவையை நிறுவிய அரசாங்கமே இதனையுஞ் செய்தது. சட்ட உதவி ஈகை என்னும் நிலையினின்று உரிமை என்னும் நிலைக்கு உயர்ந்தது இக்காலத்திலேயாம்.

ஆயினும் சாட்சியின் இடர் தீர்ந்திலது. 1957 இல் தீர்க்கப்பட்ட போலம் என்பாரின் வழக்கில், மின்னதிர்ச்சிச் சிகிச்சையின்போது அவருக்கு எலும்பு முறிவு நேர்ந்தமை மறுக்கப்படவில்லை. தேர்ச்சியுடைய மருத்துவர் குழுவொன்று ஏற்றுக்கொண்ட முறைப்படி நடந்த மருத்துவர் கவலையீனமுடையவராகார் என நீதிபதி மக்நாயர் நடுவர்குழுவுக்கு விளக்கினார், போலம் தோற்றார். அத்தகைய கருத்தும் தருக்கத்துக்கு இயைந்ததாதல் வேண்டுமெனப் பிரபுக்கள் சபை கூறியது 1997 இலேயாகும். எனவே, தக்க மருத்துவ அறிஞரைத் தேடிப்பெறாதார்க்கு நியாயவாதி இலவசமாய்க் கிடைத்தும் பயனில்லை.

இக்குறையை நேரிற்கண்டு நீக்க முயன்றவர் ஒரு நாடக ஆசிரியர் என்பது வியப்புக்குரியது. பீற்றர் ரான்ஸ்லி என்பார் மருத்துவ விபத்தொன்றைப் பொருளாகக் கொண்டு எழுதிய நாடகம் 1980 இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியது. அதன் பயனாக 1982 இல் அவர் மருத்துவ விபத்துக்குள்ளானோர்க்கான இயக்கத்தை நிறுவினார். பாதிக்கப்பட்டோர்க்கு ஆலோசனை கூறுதலும், அத்துறை தேர்ந்த சட்டத்தரணிகளையும் சாட்சியுரைக்கத்தக்க மருத்துவர்களையும் அவர்க்கு அறிமுகஞ் செய்தலும் அவ்வியக்கத்தின் பணிகளாயின. 1495 ஆம் ஆண்டுச் சட்டம் செய்யாது விட்டதை ஒரு தனிமனிதரின் முயற்சி செய்யத் தொடங்கியது எனலாம்.

பெற்ற உரிமை என்றும் நிலைக்குமென எண்ணுதல் பேதைமை. 2012 இல் இயற்றப்பட்டு 2013 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், பிறப்பையொட்டிய காலத்திற் குழந்தைகளுக்கு நேரும் நரம்புமண்டலக் கேடுகள் தவிர்ந்த மருத்துவக் கவலையீன வழக்குகளைப் பொதுவாக அரச உதவியினின்று நீக்கிவிட்டது. வென்றாலன்றி ஊதியமில்லை என உடன்படும் சட்டத்தரணிகளே ஏனையோர்க்குப் புகலாயினர். ஆனால், பெருந்தொகை கிடைக்கக்கூடிய வழக்கை அவர் விரும்புதல் இயல்பு. முதியோர் ஒருவரின் இறப்புப் போன்று நட்டஈடு குறைந்த வழக்கு ஒதுக்கப்படும். அவ்விடத்தே, 1996 இல் நியாயவாதிகள் அமைத்த இலவச உதவிப் பிரிவு போன்றவற்றையே மீண்டும் நாடவேண்டியுளது. ஈகையில் தொடங்கிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி ஈகையிடமே வந்து நின்றது.

எமது நாட்டில் 1889 ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைக் கோவை வறியோர் வழக்குக்கு இடமளித்தது. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் சட்ட உதவி ஆணைக்குழுவை நிறுவியது. குழந்தையொன்றின் இறப்புப் பற்றி 2001 இல் உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கில், கவலையீனத்தைக் காட்டுதல் மட்டும் அமையாது, அதுவே இறப்புக்குக் காரணமென்பதும் நிரூபிக்கப்படல் வேண்டுமெனக் கொள்ளப்பட்டது. இங்கும் வழக்கின் உயிர்நாடி மருத்துவச் சாட்சியமேயாம்.

இம்மலரைப் படிக்கும் மாணவருட் சிலர் நாளை சட்டத்தரணிகளாவர், சிலர் மருத்துவராவர். முன்னையோர் ஏழைக்காக ஊதியமின்றி வாதாடின் அது பெருமைக்குரியதே. பின்னையோர், தவறு நேர்ந்தவிடத்துத் தவறென்றும், நேராதவிடத்து இல்லையென்றும் அஞ்சாது உரைப்பாராயின், அவ்வுதவி அதனினும் அரியதாகும். ஆறு நூற்றாண்டு வரலாறு உணர்த்துவது இதுவே.