எஞ்சின் சூட்டைச் சொல்லும் சின்னப் பொருள்

நான்கு வழிச்சாலை வருவதற்கு முன்பு நாட்றம்பள்ளி சாலையோரம் லாரி நின்றால் இரண்டே காரணம்தான்: ஒன்று டீ, இன்னொன்று கொதித்துப்போன ரேடியேட்டர். பச்சைத்தோல் ஏற்றி வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் போகும் லாரி என்றால் வாடையே முன்னால் வந்து சொல்லிவிடும். கிளீனர் பையன் ஈரச் சாக்கை ரேடியேட்டர் மூடிமேல் போட்டு மெல்லத் திருகுவான். ஆவி அடங்கியதும் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றுவான்.

கொதிக்கும் முன்பே சூட்டைத் தெரிந்துகொள்ளும் வழியை 1912இலேயே அமெரிக்காவில் பாய்ஸ் என்பவர் கண்டுபிடித்தார். ரேடியேட்டர் மூடிமேலேயே ஒரு தெர்மாமீட்டர். டிரைவர் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். ஆனால் அது அளந்தது தண்ணீரை அல்ல, அதன்மேல் நிற்கும் ஆவியை.

அடுத்து வந்த மீட்டரில் எனக்குக் கொஞ்சம் சொந்தம் உண்டு. பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு பூர்தோன் குழாய் என்ற பெயர் தெரியாமல் இருக்காது. பாரிஸ்காரரான யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்றது அது. வளைந்த தட்டைக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் வளைவு நிமிரும். அதோடு முள்ளும் நகரும். எஞ்சின் தண்ணீருக்குள் ஈதர் அடைத்த சிறு குமிழ், அங்கிருந்து டிரைவர் முன்னால் வரை மயிர் போன்ற செம்புக் குழாய். சூட்டில் ஈதர் ஆவியாகி முள்ளைத் தள்ளும். குழாய் ஒடிந்தால் முள் அசையாது. கெட்டுப்போனது யாருக்கும் தெரிந்துவிடும்.

இன்றைய சென்சாரின் கதை ஃபாரடேயிடம் தொடங்குகிறது. சாதாரண உலோகம் சூடானால் மின்சாரத்தை அதிகம் தடுக்கும். வெள்ளி சல்ஃபைடு நேர்மாறாக, சூடானால் குறைவாகத் தடுக்கிறது என்று 1833இல் அவர் கண்டார். விற்பனைக்கு ஏற்ற பொருளாக அதை மாற்ற ஏறக்குறைய நூறு ஆண்டு ஆயிற்று. அதுதான் தெர்மிஸ்டர். 1967இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு பெட்ரோல் முறை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தபோது இப்படிப்பட்ட சென்சாரும் உடன் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த எஞ்சினுக்குத் தண்ணீரே கிடையாது, காற்றில் குளிர்வது. சென்சார் சிலிண்டர் தலையில் இருந்தது.

பெரிய மாற்றம் இங்கேதான். அதுவரை முள் டிரைவருக்குச் சேதி சொன்னது. அவர் நம்பலாம், நம்பாமல் இறங்கிப் பார்க்கலாம். இப்போது சென்சார் சொல்வது கம்ப்யூட்டருக்கு. எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்றால் அது பெட்ரோலைக் கூட்டி விடும், இறங்கிப் பார்க்காது. 2000ஆம் ஆண்டுவாக்கில் மாருதி 800 கார்ப்பரேட்டரை விட்டபோது நம் ஊர்ச் சாலைக்கும் இந்தச் சமாசாரம் வந்து சேர்ந்தது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் காரில் கரும்புகை, பெட்ரோல் செலவு இரண்டு மடங்கு. பென்ஷன் பணத்தில் பிளக், ஃபில்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றியாயிற்று. கடைசியில் ஒரு பையன் ஸ்கேனரைப் போட்டான். சித்திரை வெயிலில் எஞ்சின் சூடு மைனஸ் 40 டிகிரி! (சென்டிகிரேடும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றாகிற இடம் அது.) "சென்சார் போச்சு சார், மாத்திட்டா போதும்" என்றான். மாற்றினார்கள், மறுநாளே பழைய கதை. உண்மையில் பிளக் ஊசியில் பச்சைக் களிம்பு ஏறி இணைப்பு விட்டிருந்தது. இணைப்பு அறுந்தால் கம்ப்யூட்டருக்கு அது கடுங்குளிராகத்தான் தெரியும்.

நம் பக்கத்துக்கு இன்னொரு வில்லங்கம், தண்ணீர். பாலாற்றுப் பகுதி நிலத்தடி நீர் தோல் கழிவால் கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு சொல்லி, தொழிற்சாலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அந்த உப்புத் தண்ணீர் மனிதருக்கு ஆகாததுபோலவே ரேடியேட்டருக்கும் ஆகாது. சென்சார் முனையில் படிவு கட்டினால் சூடு உள்ளே ஏறத் தாமதமாகும். கூலன்ட் கலந்த காய்ச்சி வடித்த நீர்தான் நல்லது.

மாற்றும் முன் சோதித்துப் பார்ப்பது பெரிய வித்தையல்ல. முதலில் கூலன்ட் அளவு, பிறகு ஒயரும் பிளக்கும். பின் சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் தடையைப் பாருங்கள். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் சில நூறு ஓம். பாத்திரத்துச் சுடுதண்ணீரில் முனையை அமிழ்த்தினால் எண் சீராக இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ குதித்தாலோதான் சென்சார் குற்றவாளி. சில வண்டிகளில் மீட்டர் முள்ளுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும்; எது என்று கேட்டு வாங்குங்கள்.

கழற்றுவது எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான். புதியதை வாஷரோடு கையில் வைத்துக்கொண்டு பழையதை எடுத்தால் கூலன்ட் அதிகம் சிந்தாது. அளவோடு முறுக்கி, கூலன்டை நிரப்பி, உள்ளே அடைத்த காற்றை வெளியேற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஃபேன் ஓடி நிற்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.