வானொலிப்பெட்டியும் வரலாற்றுச் சான்றும்

இலங்கையில் ஒலிபரப்பின் தொடக்கமே ஒருவகை மறுசீரமைப்பு வேலை எனலாம். 1923இல் தந்தித் திணைக்களத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார். முதலாம் உலகப்போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டே அதற்கான கருவி ஆக்கப்பட்டது. 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது நேசப்படைகளுக்கென நிறுவப்பட்ட வலிமை மிக்க சிற்றலை நிலையம் போருக்குப் பின்னர் இலங்கை வசமாயிற்று. தமிழகத்தின் மூலைமுடுக்குகளிலும் இலங்கை வானொலி கேட்டமைக்கு இதுவே அடிப்படை. 1967 ஜனவரியில் அந்நிறுவனம் கூட்டுத்தாபனமாக மாறியது.

இது பேசியோரின் வரலாறு. கேட்டோரின் வரலாறு எங்கேயுள்ளது? மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் கரையோர ஊர்களில் முஸ்லிம் சேவைக்கும் செய்திகளுக்கும் செவிகொடுத்த மக்கள் தம் அனுபவத்தை ஏட்டில் எழுதிவைத்தாரல்லர். அவர்களது வீடுகளில் எஞ்சிய வால்வு வானொலிப்பெட்டிகளே அவ்வனுபவத்தின் நேர்ச்சான்றுகளாகும்.

பெட்டியைத் திறந்து நோக்குவோர்க்கு அது பல செய்திகளைக் கூறும். 1.4 வோல்ட்டில் இழை சூடேறும் வால்வுகளும், 90 வோல்ட் பற்றரிக்கான இணைப்பும் காணப்படின், அது மின்கம்பி எட்டாத வீட்டுக்காக வாங்கப்பட்டது என ஊகிக்கலாம். 230 வோல்ட் மின்மாற்றி இருப்பின் கதை வேறு. கல்லோயாத் திட்டத்தின்கீழ் இங்கினியாகலையில் நீர்மின் நிலையம் எழுந்தபோதிலும், மின்சாரம் எல்லா வீடுகளையும் உடனே சென்றடையவில்லை. எந்த வீட்டுக்கு எது முந்தி வந்தது என்பதைப் பெட்டியே சொல்லிவிடும். அலைவரிசைத் தட்டில் குறிக்கப்பட்ட 19, 25, 31, 41 மீற்றர்ச் சிற்றலைகளோ, அக்கேள்வி கடல்கடந்தும் சென்றிருக்கக்கூடும் என்பதைக் காட்டுகின்றன.

ஆனால் இச்சான்று நாளும் அழிகின்றது. உப்புக்காற்று செப்புக்கம்பியையும் வால்வுக் குதைகளையும் அரிக்கின்றது. கறையான் பெட்டியின் மரத்தையும் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பையும் தின்கின்றது. மெழுகுக்காகிதக் கொள்ளளவிகள் ஈரம் உறிஞ்சி மின்னைக் கசியவிடுகின்றன. வெளியீட்டு வால்வின் நெய்யரிக்கு முன்னுள்ள கொள்ளளவி கசிந்தால் நேர்மின்னழுத்தம் நெய்யரியை அடையும், மின்னோட்டம் மிகும், வால்வும் மின்மாற்றியும் கருகும். ஆதலின் நெடுங்காலம் உறங்கிய பெட்டியை நேரே மின்னிற் செருகுதல், சான்றைத் தீயிலிடுதலுக்கு ஒப்பாகும்.

அறிந்தோர் செய்யும் முறை வேறு. முதலில் கசியும் கொள்ளளவிகளை மாற்றுவர்; மதிப்புக் கூடிப்போன தடைகளை அளந்து நீக்குவர்; பின்னரே மின்குமிழொன்றைத் தொடரில் இணைத்துச் சிறுகச் சிறுக மின்னூட்டுவர். நிறுத்திய பின்னும் வடிகட்டும் கொள்ளளவிகளில் உயிரைப் பறிக்கத்தக்க மின்னேற்றம் தங்கியிருக்கும். அதனை வெளியேற்றாமற் கைவைத்தல் ஆகாது.

இவ்விடத்தே வரலாற்று மாணவர்க்குரிய சிக்கல் ஒன்று எழுகின்றது. பெட்டி மீண்டும் பாடவேண்டுமாயின் பழைய உறுப்புகள் நீங்கவேண்டும். உறுப்புகள் நீங்கின் சான்று குறைகின்றது. முந்திய பழுதுபார்ப்பாளர் கையாலிட்ட பற்றாசும், கிடைக்காத வால்வுக்கு ஈடாகப் பொருத்திய வேறொன்றும்கூட வரலாறே. இறக்குமதிப் பொருள் அரிதான காலங்களில் ஊர்க்கைவினை எவ்வாறு ஈடுகொடுத்தது என்பதற்கு அவை சாட்சி. புதிதுபோல் மினுக்கிவிட்டால் அச்சாட்சி மறையும். எனவே, கழற்றுமுன் படம் எடுத்தலும், கழற்றியதை உறையிலிட்டுப் பேணலும், மாற்றியவற்றைத் திகதியுடன் எழுதிவைத்தலும் பழுதுபார்ப்பின் பகுதியாதல் வேண்டும். தொல்லியலார் மண்ணடுக்கைப் பதிவதும் இதுவும் ஒன்றே.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது உயிர்களோடு வீட்டுப்பொருள்களும் கடலோடு போயின. எஞ்சியவை சிலவே. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள இப்பிரதேசத்தில், அச்சிலவற்றையும் அவற்றைத் திருத்திய முதியோரின் நினைவுகளையும் திரட்டும் பணி மாணவர்க்கு எட்டாததன்று. பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன் அது தொடங்கவேண்டும்.