மஹரும் மார்புத்துண்டும்: பாலஸ்தீனக் குடியேறிகளிடையே பெண்வழிச் சொத்து

2019 ஜனவரியில் பாலஸ்தீன வம்சாவளியினரான ரஷீதா தலைப் தோப் எனும் பூவேலை அங்கியணிந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் பதவியேற்றார். உடனே பாலஸ்தீனப் பெண்கள் பலர் தாயும் பாட்டியும் விட்டுச்சென்ற தோப்புகளோடு படமெடுத்துச் சமூக ஊடகங்களில் பகிர்ந்தனர். அத்தருணம் முதல், தோப்பை இன அடையாளமாக மட்டுமே வாசிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வாசிப்பு போதாது. அது முதலில் பெண்ணின் சொத்து.

தமிழ் முஸ்லிம்கள் நன்கறிந்த மஹர்தான் இங்கும் தொடக்கம். மணமகன் தரும் அத்தொகை, சட்டப்படி மணமகளுக்கே உரியது. அத்தொகை காசாக அவள் உடையிலும் ஏறும்: பெத்லகேமில் மணமான பெண்கள் அணிந்த ஷத்வே என்னும் உயர்ந்த தொப்பியில் வரிசையாகக் காசுகள் தைக்கப்பட்டிருக்கும். தட்டுப்பாடு வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி விற்கலாம். நிலத்தின் கதை வேறு. இஸ்லாமியச் சட்டம் மகளுக்கு மகனின் பங்கில் பாதியைத் தருகிறது. அதையும் உடன்பிறந்தான் ஆதரவு நாளை வேண்டியிருக்கும் என்று பலர் கேட்காமலே விட்டனர். நாப்லுஸ் பகுதியை ஆராய்ந்த ஆனலீஸ் மூர்ஸின் 1995 நூல் இதை விரிவாகக் காட்டுகிறது. ஆக, நகையும் துணிப்பெட்டியுமே அவள் கையிருப்பு. 1948இல் ஏறத்தாழ 7 லட்சம் பேர் வீடிழந்தபோது அந்தக் கையிருப்பே குடும்பங்களைத் தாங்கியது. நகை போனது; முகாம்களில் தோப்புகளும் விலைபோயின. இன்றைய அருங்காட்சியகத் தொகுப்புகள் சிலவற்றின் ஊற்றுக்கண் இந்த விற்பனைதான். பேத்தி கைக்கு வந்த தோப் பெரும்பாலும் விற்கப்படாமல் மிஞ்சியது.

மிஞ்சியதும் முழுமையாக மிஞ்சவில்லை. தோப்பின் மார்புத்துண்டைத் தனியே பூவேலை செய்து அங்கியில் பொருத்துவார்கள். அங்கி நைந்ததும் தையலைப் பிரித்து அதைப் புதுத்துணியில் ஏற்றுவார்கள். 1930களில் பிரெஞ்சு டிஎம்சி பருத்திநூல் பரவியதால், பழைய பட்டுநூல் வேலையும் பருத்திநூல் வேலையும் ஒரே உடுப்பில் அமையலாம். இப்படிப்பட்ட ஒன்றுக்கு ஒற்றை ஆண்டு எழுதும் காட்சிச் சீட்டை நான் நம்புவதில்லை.

2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது உடுப்பை அல்ல, பூவேலைக் கலையையும் அறிவையும். ஓரிகானில் வாழ்ந்து அக்கலையைப் பயிற்றுவித்த ஃபெர்யால் அப்பாஸி-க்னைமுக்கு 2018இல் அமெரிக்கத் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தது. மகள் வஃபா அதே கலையைப் பிறருக்குக் கற்பிக்கிறார். துணி தொலைந்தாலும் கைவேலை தொடரும் என்பது உண்மை. ஆனால் ஆபத்தில் கழற்றி விற்கக் கைவேலையில் காசு தைக்கப்பட்டிருக்காது. மணப்பெண்ணுக்குத் தங்கம் போடும் வழக்கம் அமெரிக்காவிலும் நீடிப்பதற்கு இது ஒரு காரணம்.

எஞ்சியிருப்பது பெயர்ச் சிக்கல். அரபுப் பெயர் தந்தையையும் அவர் தந்தையையும் சுமக்கும். அமெரிக்காவிலோ பெண்கள் பலர் கணவர் குடும்பப்பெயரை ஏற்றனர். தாய்வழி வந்த பொருளை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும்போது பதிவேட்டில் ஏறுவது அந்தக் குடும்பப்பெயர்தான். வரலாற்றாசிரியர் அலிக்ஸா நாஃப் 1984இல் ஸ்மித்சோனியனுக்கு அளித்த அரபு அமெரிக்கர் தொகுப்பு ஃபாரிஸ், யம்னா என்ற தந்தை, தாய் இருவர் பெயரையும் தாங்குகிறது. அதில்கூடக் குடும்பப்பெயர் தந்தையுடையதே. நன்கொடைப் படிவத்தில் தாய், பாட்டி, அவர்கள் பிறந்த ஊர் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டம் இருந்தால், யார் தைத்தது, யார் அணிந்தது, எது விற்கப்பட்டது என்பதையாவது கேட்டு எழுத இடம் கிடைக்கும்.