ஜெஃப்பின் பயம்: மோனோகிராம் பேய் நகைச்சுவைப் படங்களில் மேண்டன் மோர்லேண்ட்

டொனால்ட் போகிள் 1973இல் வெளியிட்ட நூல், அமெரிக்கத் திரையில் கறுப்பின நடிகர்களுக்குக் கிடைத்த வேடங்களை ஐந்து வார்ப்புகளாக வகுத்தது. கண்ணை உருட்டிக்கொண்டு பேய்க்குப் பயந்து ஓடும் வேலைக்காரன் அதில் கோமாளி வார்ப்பு. மேண்டன் மோர்லேண்டையும் போகிள் அங்கேதான் நிறுத்துகிறார். நடிகரின் திறமையை அவர் மறுக்கவில்லை. கொடுத்த வேடத்தை மீறி நின்றவர்களைக் கொண்டாடுவதுதான் அந்நூலின் உயிர். என் மறுப்பு வேறிடத்தில். மீறல் அனைத்தையும் நடிகரின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, கதையைப் பழைய வார்ப்பாகவே அவர் விட்டுவிடுகிறார். மோனோகிராம் ஸ்டுடியோவின் மலிவுப் படங்கள் சிலவற்றுக்காவது இந்தக் கணக்கு ஒத்துவராது.

ஜீன் யார்ப்ரோ இயக்கிய ‘கிங் ஆஃப் தி ஸோம்பிஸ்’ (1941) படத்தையே எடுத்துக்கொள்வோம். கரீபியன் தீவொன்றில் விமானம் விழுகிறது. வெள்ளையர் இருவருக்கும் டாக்டர் சாங்கரேயின் மாளிகையில் விருந்தாளி மரியாதை. அவர்களின் பணியாளன் ஜெஃப்புக்கு (மோர்லேண்ட்) சமையலறை. நிறப் பிரிவினை போட்ட இந்தக் கோடுதான் கதையை நகர்த்துகிறது. மாளிகையின் உண்மை தெரிந்தவர்கள் இருப்பது சமையலறையில்: பணிப்பெண் சமந்தாவும் (மார்கரீட் விட்டன்) கிழவி தஹாமாவும் (மேடம் சுல்-டி-வான்). நடைபிணங்களைக் கண்ட ஜெஃப் மேலே ஓடிச் சொல்கிறான், எசமானர்கள் நம்புவதில்லை. அவன் சொன்னதெல்லாம் உண்மை என்று பின்னால் தெரிகிறது. பயந்தவன்தான் படத்தில் சரியாகப் பார்த்தவன்.

பிறகு வருவது, போகிளின் வாசிப்புக்கு அடங்காத காட்சி. வசியத்துக்கு ஆளான ஜெஃப், தானும் நடைபிணம் என்று நம்பி மற்றவற்றோடு வரிசையில் போய் நிற்கிறான். நடைபிணம் பேசாது என்கிறாள் சமந்தா. தான் வாயாடியாய்ப் பிறந்ததற்கு என்ன செய்வது என்பதுபோல் பதில் வருகிறது. ஓட்டமும் இல்லை, நடுக்கமும் இல்லை. சிரிப்பு முழுவதும் பேச்சில். வாய் இருப்பதே அவன் இன்னும் யாருக்கும் அடிமையாகவில்லை என்பதற்கு அத்தாட்சி. இந்தப் பொருள் திரைக்கதையிலேயே இருக்கிறது. மோர்லேண்ட் அதன்மேல் ஏறி விளையாடுகிறார், அவ்வளவே.

அந்தப் பேச்சுமுறையின் வேர் ஹாலிவுட்டில் இல்லை. ஒருவர் தொடங்கும் வாக்கியத்தை மற்றவர் முடிக்கவிடாமல் பதில் சொல்லும் உரையாடல் ஆட்டத்தை மேடையில் வளர்த்தவர்களில் ஒருவர், 1921இல் ‘ஷஃபிள் அலாங்’ இசைநாடகத்தில் எழுதி நடித்த எஃப். ஈ. மில்லர். மோர்லேண்டும் மில்லரும் சேர்ந்து நடித்த ‘லக்கி கோஸ்ட்’ முழுக்கக் கறுப்பின நடிகர்களைக் கொண்டது, கறுப்பினப் பார்வையாளருக்காகவே எடுக்கப்பட்டது. சில பட்டியல்கள் அதை 1941 என்கின்றன, சில 1942 என்கின்றன. மோனோகிராம் படத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ‘லக்கி கோஸ்ட்’ படத்திலும் பேயைக் கண்டால் ஓட்டம்தான். இயக்கிய வில்லியம் போடைன் வெள்ளையர் என்று ஆட்சேபிக்கலாம், நியாயமே. ஆனால், பேய்க்கு ஓடுவது வெள்ளையரைச் சிரிக்கவைக்க மட்டுமே உண்டான வழக்கம் என்றால், வெள்ளையர் அமராத அரங்குகளில் அதற்கு என்ன வேலை? கறுப்பின மேடையில் முன்பே இருந்த சரக்கை ஹாலிவுட் வாங்கித் தரம் குறைத்து விற்றது என்றே கொள்கிறேன். சான்று மெலிந்ததுதான், எதிர்வாசிப்புக்கு இவ்வளவும் இல்லை.

இந்த வாதத்தை எல்லாப் படங்களுக்கும் நீட்ட முடியாது. ‘ரிவெஞ்ச் ஆஃப் தி ஸோம்பிஸ்’ (1943) படத்திலும் ஜெஃப் வருகிறான். ஆனால் சமையலறைக்கு அந்த அதிகாரம் இல்லை. ஜாக் ஹில்லின் ‘ஸ்பைடர் பேபி’யில் மோர்லேண்ட் ஒரு செய்தி கொண்டுவருபவர், வந்த வேகத்தில் கொலையாகிறார். பயந்து ஓடக்கூட அவகாசம் இல்லை. அந்தப் படம் 1964இல் எடுக்கப்பட்டு, தயாரித்தவர்களின் பணமுடையால் கிடப்பில் கிடந்து, பல ஆண்டு கழித்தே வெளிவந்தது. வெளியீட்டை வைத்து அதை அறுபதுகளின் கடைசியில் சேர்ப்பது வழக்கம். வேடத்தை எழுதியதும் ஆளைத் தேர்ந்ததும் 1964இல் என்பதால் நான் அந்த ஆண்டையே கணக்கில் கொள்கிறேன்.