தெள்ளாற்றுப் போரும் முதுகுன்றத்து நெற்றிப்பட்டமும்

நம் வேப்பூர் வழியாகச் செல்லும் திருச்சிராப்பள்ளிப் பெருவழியை நாம் நாள்தோறும் காண்கின்றோம். வடக்கே சென்றால் உளுந்தூர்ப்பேட்டையும் கெடிலக்கரைச் சேந்தமங்கலமும்; தெற்கே தொழுதூரும், அதற்கப்பால் பெரம்பலூரும்; கிழக்கே திருமுதுகுன்றமாகிய விருத்தாசலம். ஏறத்தாழ 800 ஆண்டுகட்கு முன் இவ்வூர்களை ஒரு பெரும்பகை ஒருங்கே பிணைத்தது என்பதை நம் இளைஞருள் எத்துணையர் அறிவர்?

மூன்றாங் குலோத்துங்க சோழனுக்குப் பின் அரியணை ஏறிய மூன்றாம் இராசராசன் ஆற்றல் குன்றியவன். பாண்டியன் மாறவர்மன் சுந்தரன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டியபின், சோழப் பேரரசு செல்லரித்த மரம் போலாயிற்று. தலைவன் தளரவே, அடங்கியிருந்த சிற்றரசர் தலைதூக்கினர். அவருள் வலியவன் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன். பல்லவர் வழியினன் எனத் தன்னைக் கூறிக்கொண்டவன். ‘அவனியாளப் பிறந்தான்’ என்னும் விருது பூண்டவன்.

1231-ஆம் ஆண்டையொட்டி, வந்தவாசியை அடுத்த தெள்ளாற்றில் இருவர் படையும் கைகலந்தன. சோழன் தோற்றான். அமைச்சரோடு அவனைப் பற்றிச் சென்று சேந்தமங்கலத்திற் சிறையிட்டான் கோப்பெருஞ்சிங்கன். ஓர் அரசின் கீழ் வாழ்ந்தோரே தம்முட் பொருத போர் இது. அண்ணன் தம்பியர் பாகப்பிரிவினையிற் சண்டையிட்டால் அயலார் உள்ளே புகுதல் இயல்பன்றோ? துவாரசமுத்திரத்துப் போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், சோழனை மீட்க அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்னும் தண்டநாயகர் இருவரை ஏவினான்.

அவர்தம் செயலைத் திருவயிந்திரபுரத்துக் கோயிற் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. கோப்பெருஞ்சிங்கன் படை நாட்டையும் கோயில்களையும் அழித்தது என்று அது முதலிற் குற்றஞ்சாட்டுகின்றது. பின்னர்த் தண்டநாயகர் தொழுதகையூர் முதலிய ஊர்களை அழித்ததையும், வழியெங்கும் ஊர்களைச் சுட்டுப் பெண்டிரைப் பிடித்துக் கொள்ளையிட்டதையும் பெருமையாகவே பொறித்துவைக்கின்றது. தொழுதகையூர் என்பது நம் தொழுதூரே என்பர் சிலர். முடிவில் சேந்தமங்கலம் முற்றுகைக்கு உள்ளாகும் நிலையில், கோப்பெருஞ்சிங்கன் சோழனை விடுவித்தான்.

ஆயினும் பகை ஓய்ந்ததில்லை. பின்னொருகால் காடவர் பெரம்பலூரிற் போசளத் தண்டநாயகரைப் பொருது வென்று, அவர்தம் பெண்டிரையும் பண்டாரங்களையும் கவர்ந்தனர். முன்னர் அவர் செய்ததையே இவரும் செய்தனர்! எரிந்த கூரைகளோ சோழனுடையவும் அல்ல, காடவனுடையவும் அல்ல. ஏருழுது உண்ட நம்போன்ற குடிகளுடையவே.

இவ்வளவில் நின்றிருப்பின் இதுவும் மற்றொரு வெற்றிக் கதையே. ஆனால் முதுகுன்றத்துக் கல்வெட்டொன்று வேறு செய்தி தருகின்றது. பெரம்பலூர்ப் போரில் நேர்ந்த பழிக்குக் கழுவாயாக, அங்குள்ள இறைவனுக்கு நெற்றிப்பட்டம் ஒன்றை அளித்தான் கோப்பெருஞ்சிங்கன். அவனியாளப் பிறந்தேன் என்று முரசறைந்தவன், வென்ற போருக்காகவே கழுவாய் தேடினான். தோற்றவன் வருந்துதல் எளிது. வென்றவன் வருந்துதல் அரிது.

நம் சங்கக் கூட்டங்களில் முன்னோர் பெருமை பேசுகின்றோம், பேசவேண்டுவதே. ஆயின் பள்ளியில் மாணாக்கர்க்குத் தெள்ளாற்று வெற்றியைக் கூறும்போதெல்லாம், அவர் கண்ணில் வாளொளி மட்டுமே தங்குவதை யான் கண்டு கவன்றதுண்டு. பெற்றோர்காள்! வென்றதை மட்டும் கற்பித்துப் பழிக்கு அஞ்சியதைக் கற்பியாது விட்டால், அது பாதி வரலாறே. பாதி வரலாறு பகையை வளர்க்கும், ஊரை இரண்டாக்கும்.

மாசி மகத்திற்குத் திருமுதுகுன்றம் செல்லுங்கால், பழமலைநாதர் திருமுன் நின்று அந்நெற்றிப்பட்டத்தின் கதையை நும் மக்கட்குக் கூறுமின். சேந்தமங்கலத்தின் அரண் வலிமையினும் அந்தக் கழுவாய் பெரிது என்பது அவர்க்கு விளங்கும்.